கேட்டால்தான் சொல்லும் தண்ணீர்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போனால், சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிற சிலரைப் பார்க்கலாம். பல்லில் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைத் திட்டு இருக்கும். சிலருக்கு அது மஞ்சளாகவும் பழுப்பாகவும் கோடு கோடாக ஓடும். பள்ளிக்கூடத்தில் இப்படிப் பல் உள்ள பிள்ளையைப் பார்த்து, “நீ பல்லே விளக்க மாட்டியா?” என்று கூட இருப்பவர்கள் கேட்பது உண்டு. கேட்டவர்களுக்குத் தெரியாது, அந்தப் பிள்ளை வீட்டில் எவ்வளவு நேரம் தேய்த்துவிட்டு வந்திருக்கிறது என்று. தேய்த்தால் போகிற கறை இல்லை அது. பல்லின் மேலே ஒட்டிய அழுக்கு இல்லை. பல் உருவானபோதே அதற்குள் எழுதப்பட்டது. எழுதியது, அந்தப் பிள்ளை குடித்த தண்ணீர்.

அந்தத் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். வாடை இருக்காது. குடித்தாலும் வித்தியாசம் தெரியாது. அதில் கரைந்திருப்பது ஃபுளூரைடு. யாரும் கொண்டுவந்து கொட்டிய கழிவு இல்லை. அந்த மாவட்டங்களின் அடியில் இருப்பவை பழமையான, கெட்டிப் பாறைகள். அவற்றில் உள்ள பயோடைட், அப்படைட் போன்ற கனிமங்களில் கொஞ்சம் ஃபுளூரைடு உண்டு. மழைநீர் பாறை இடுக்குகளில் இறங்கி, ஆண்டுக்கணக்கில் தங்கி, மெல்ல மெல்ல அதைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. மழை குறைந்த பகுதியில், இன்னும் ஆழமாகப் போர் போடப் போட, அப்படி நெடுங்காலம் பாறையோடு இருந்த நீர்தான் மேலே வருகிறது.

டூத்பேஸ்டிலும் ஃபுளூரைடு இருக்கிறதே என்று கேட்பீர்கள். நல்ல கேள்விதான். மிகக் குறைந்த அளவில் அது பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும். அளவு மீறினால் பல்லின் மேற்பூச்சு சரியாக உருவாகாது. பல வருடம் மிக அதிகமாக உடம்பில் சேர்ந்தால் எலும்பும் மூட்டும் இறுகி, குனியவும் நிமிரவும் முடியாமல் போகும். 1937-லேயே சென்னை கிண்டி கிங் நிறுவனத்தைச் சேர்ந்த ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தில் இந்த நோயைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு வரை சரி, எதற்கு மேல் கெடுதல்? இதை நாக்கு சொல்லாது, மூக்கும் சொல்லாது. ஆய்வகத்தில்தான் கேட்க வேண்டும்.

ஆனால் ஆய்வகத்துக்கு ஒரு குணம் உண்டு. கேட்ட கேள்விக்கு மட்டும்தான் அது பதில் சொல்லும். இதை உலகம் கற்றுக்கொண்ட கதை அமெரிக்காவில் நடந்தது. 1901-ல் ஃபிரடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு வேலைக்கு வந்தார். ஊர்ப் பிள்ளைகள் பலருடைய பல்லில் பழுப்புக் கறை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை, புத்தகத்திலும் இல்லை. மெக்கே விடவில்லை. ஏறக்குறைய முப்பது வருடம் ஊர் ஊராக அலைந்தார். தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தார். சுண்ணாம்புச் சத்து எவ்வளவு, உப்பு எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று வழக்கமான கணக்கு வந்தது. சந்தேகப்படும்படி ஒன்றும் இல்லை என்றே முடிவு வந்தது.

ஆர்க்கன்சா மாநிலத்தில் பாக்சைட் என்று ஒரு ஊர். ஒரு அலுமினிய நிறுவனத்தின் ஊர் அது. அங்கேயும் பிள்ளைகளின் பல்லில் கறை. அந்த நிறுவனத்தின் தலைமை வேதியியலாளர் சர்ச்சில், 1931-ல் அந்த ஊர்த் தண்ணீரை வேறு விதமாகச் சோதிக்கச் சொன்னார். இன்ன பொருள் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடாமல், நீரில் உள்ளதை எரியவைத்து, அதிலிருந்து வரும் ஒளியைப் பிரித்துப் பார்க்கும் முறை. வந்த முடிவைப் பார்த்து அவரே நம்பவில்லை. எங்கோ தவறு நடந்திருக்கிறது என்று நினைத்து, அதே ஊரிலிருந்து புதிதாக நீர் எடுத்துவரச் சொல்லி மறுபடி பார்த்தார். அதே முடிவு. லிட்டருக்கு 13.7 மில்லிகிராம் ஃபுளூரைடு! அத்தனை வருடமும் அது அந்தத் தண்ணீரில்தான் இருந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

லிட்டருக்கு மில்லிகிராம் என்றால் எவ்வளவு சின்னது என்று ஒரு கணக்குப் போடுவோம். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. அதாவது பத்து லட்சம் மில்லிகிராம். அதில் ஒன்று என்பது பத்து லட்சம் ரூபாயில் ஒரு ரூபாய். இன்னொரு விதமாகப் பார்த்தால், ஒரு அரிசி சுமார் 20 மில்லிகிராம் எடை இருக்கும். அந்த ஒற்றை அரிசியை இருபதாக நறுக்கி, ஒரு துண்டை ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டதற்குச் சமம். இந்தியக் குடிநீர்த் தரம் ஃபுளூரைடுக்கு வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை. அந்த அரைத் துண்டு அரிசி வித்தியாசத்தைச் சரியாக அளந்து சொல்ல வேண்டும். எப்படிச் சொல்கிறார்கள்?

வாருங்கள், ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு ஊர் அடிபம்புக்குப் போவோம். சோதனை ஆய்வகத்தில் தொடங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அடிபம்பில் தொடங்குகிறது. இங்கே தப்பு நடந்தால், எத்தனை கோடி ரூபாய் கருவியாலும் பிறகு திருத்த முடியாது.

முதல் வேலை, சில நிமிடம் பம்பை அடித்து நீரை வெளியே விடுவது. ராத்திரி முழுவதும் குழாயில் தேங்கி நின்ற நீர் குழாயின் துருவைத்தான் சொல்லும். நமக்கு வேண்டியது நிலத்தடி நீரின் கதை. பிறகு சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு நிரப்ப வேண்டும். எந்த ஊர், எந்தக் குழாய், எந்தத் தேதி, எத்தனை மணி என்று உடனே சீட்டு எழுதி ஒட்ட வேண்டும். “அப்புறம் எழுதிக்கலாம்” என்று வைத்த பாட்டிலும் குப்பையில் போட்ட பாட்டிலும் ஒன்றுதான்.

நீரின் வெப்பநிலை, அமில காரத் தன்மையைச் சொல்லும் பி.எச். அளவு, மின்கடத்தும் திறன் ஆகியவற்றை அங்கேயே நின்று பார்த்துவிடுவது நல்லது. காரணம் இருக்கிறது. மண்ணுக்கடியில் நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு, மேலே வந்ததும் சோடா பாட்டிலைத் திறந்தாற்போல வெளியேறத் தொடங்கிவிடும். வாயு போகப் போக பி.எச். ஏறும். இரும்பு உள்ள நீரும் இப்படித்தான். பிடிக்கும்போது பளிங்குபோல இருக்கும். காற்றுப் பட்டுக் கொஞ்ச நேரத்தில் பழுப்பாகி, அடியில் வண்டல் தங்கும். ஈயம், குரோமியம் போன்ற உலோகங்கள் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் உலோகச் சோதனைக்கு என்று ஒரு தனி பாட்டிலில் சில துளி நைட்ரிக் அமிலம் விட்டு, அவற்றைக் கரைந்தபடியே நிறுத்திவைக்கிறார்கள்.

கிருமிச் சோதனைக்கு இன்னொரு பாட்டில். இது முன்பே கொதிநீராவியில் கிருமி நீக்கப்பட்டது. இதை மட்டும் அலசவே கூடாது. பம்பின் வாயை நெருப்பில் வாட்டிவிட்டு, மூடியின் உள்பக்கத்தை விரல் தொடாமல் பிடித்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். நம் கையில் இருக்கும் கிருமி அதில் விழுந்தால், ஒன்றும் அறியாத கிணற்றின் மேல் பழி விழும்.

இப்போது ஆய்வகம். மேசையில் வரிசையாகச் சோதனைக்குழாய்கள். ஃபுளூரைடுக்கு ஒரு செந்நிறக் கரைசல் வைத்திருக்கிறார்கள். சிர்கோனியம் என்ற உலோகமும், ஸ்பேட்ன்ஸ் என்ற சாயமும் கைகோத்து நிற்கும்போது வருகிற சிவப்பு அது. அதில் நம் ஊர்த் தண்ணீரை அளந்து ஊற்றுவார்கள். தண்ணீரில் ஃபுளூரைடு இருந்தால், அது சிர்கோனியத்தைச் சாயத்தின் கையிலிருந்து பிடுங்கித் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அந்தச் சேர்க்கைக்கு நிறம் இல்லை. எனவே சிவப்பு வெளிறும். கொஞ்சம் ஃபுளூரைடு என்றால் கொஞ்சம் வெளிறும். நிறைய இருந்தால் நிறைய வெளிறும். கண்ணுக்குத் தெரியாத ஒன்று, இன்னொன்றின் நிறத்தைக் குறைத்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த காட்சிகளில் இது ஒன்று.

“கொஞ்சம் வெளிறியது” என்பது கண்ணின் கணக்கு. என் கண்ணுக்கும் உங்கள் கண்ணுக்கும் அது வேறுபடும். அதனால் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்ற கருவியில் வைக்கிறார்கள். ஒரு பக்கம் விளக்கு; நடுவில் நம் கரைசல்; மறுபக்கம் ஒளியை அளக்கும் கண். 570 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை மட்டும் அனுப்பி, கரைசல் அதில் எவ்வளவை விழுங்கியது என்று அளக்கும். கருவி தருவது வெறும் எண். அந்த எண்ணுக்கு எத்தனை மில்லிகிராம் என்று அர்த்தம் சொல்லிக் கொடுக்க வேண்டும். எப்படி? சோடியம் ஃபுளூரைடு உப்பைத் துல்லியத் தராசில் 221 மில்லிகிராம் நிறுத்து ஒரு லிட்டர் சுத்த நீரில் கரைத்தால், லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஃபுளூரைடு உள்ள கரைசல் கிடைக்கும். அதிலிருந்து நீர்த்து நீர்த்து 0.2, 0.5, 1.0 என்று அளவு தெரிந்த கரைசல்களைச் செய்து, ஒவ்வொன்றுக்கும் கருவி என்ன எண் காட்டுகிறது என்று கட்டத்தாளில் புள்ளி வைத்தால், நீங்கள் கணக்குப் பாடத்தில் போடுகிற அதே நேர்கோடு வரும். பிறகு நம் ஊர்த் தண்ணீரின் எண் அந்தக் கோட்டில் எங்கே விழுகிறது என்று பார்த்தால் விடை.

இந்த முறை லிட்டருக்கு 1.4 மில்லிகிராம் வரைதான் நம்பகமாகச் சொல்லும். அதற்கு மேல் இருந்தால்? 10 மில்லி தண்ணீரோடு 40 மில்லி சுத்த நீர் சேர்த்து ஐந்து மடங்கு நீர்த்துப் பார்க்க வேண்டும். 0.6 என்று வந்தால், உண்மையான அளவு 3.0.

ஃபுளூரைடை மட்டும் உணரும் ஒரு மின்முனையும் இருக்கிறது. 1966-ல் ஃபிராண்ட், ராஸ் என்ற இருவர் வெளியிட்டது. பேனா போன்ற குழாய். அதன் நுனியில் லாந்தனம் ஃபுளூரைடு படிகத்தாலான சின்ன ஜன்னல். அந்தப் படிகத்துக்குள் இடம்விட்டு இடம் நகர முடிந்தது ஃபுளூரைடு மட்டும்தான். மற்ற உப்புகளுக்குக் கதவு திறக்காது. ஜன்னலுக்கு வெளியே எவ்வளவு ஃபுளூரைடு இருக்கிறதோ அதற்கேற்ப மின்னழுத்தம் மாறும். ஃபுளூரைடு பத்து மடங்கு மாறினால், சுமார் 59 மில்லிவோல்ட் வித்தியாசம். நிறமும் வேண்டாம், சாயமும் வேண்டாம்.

ஃபுளூரைடைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசிவிட்டேன். அதே பாட்டிலிடம் கேட்க இன்னும் பல கேள்விகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை நீங்களே வீட்டில் கேட்கலாம். இரண்டு ஒரே மாதிரி பாட்டில்களில் பாதி அளவு நீர் ஊற்றுங்கள். ஒன்றில் மழைநீர், ஒன்றில் போர் தண்ணீர். இரண்டிலும் சம அளவு சோப்புத் துருவல் போட்டு, மூடிக் குலுக்குங்கள். ஒன்றில் நுரை பொங்கும். மற்றதில் திரிந்த பால்போலத் திப்பி மிதக்கலாம். அது கடின நீர். கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொண்டு நுரைக்க விடாமல் செய்கின்றன. இதையே ஆய்வகத்தில் அளந்து சொல்வார்கள். கூம்புக் குடுவையில் உள்ள நீரில் ஒரு நிறங்காட்டியைச் சேர்த்தால் திராட்சை ரசம்போலச் சிவக்கும். மேலே பியூரெட்டிலிருந்து இ.டி.டி.ஏ. என்ற கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் நண்டு கவ்வுவதுபோலக் கவ்விக்கொண்டே வரும். கடைசி அணுவைக் கவ்வும் அந்த ஒரு சொட்டில் சிவப்பு மறைந்து பளிச்சென்று நீலம் வரும். எத்தனை மில்லி செலவானது என்பதே விடை. இதைச் செய்கிறவர் மூச்சுக்கூட மெதுவாக விடுவார். ஒரு சொட்டு கூடிப்போனால் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.

உலோகங்களிடம் கேட்க நெருப்பு வேண்டும். ஒவ்வொரு தனிமமும் சூடானால் தனக்கென்று சில நிறக் கோடுகளை வீசும். 1860-ல் ஜெர்மனியில் புன்சென், கிர்ச்சாஃப் என்ற இரண்டு விஞ்ஞானிகள் துர்க்ஹைம் என்ற ஊரின் ஊற்றுநீரைக் காய்ச்சி, அதில் மிஞ்சியதை நெருப்பில் காட்டிப் பார்த்தார்கள். அதுவரை யாரும் பார்த்திராத இரண்டு நீலக் கோடுகள்! ஒரு புதிய தனிமமே அந்த நிலத்தடி நீரில் ஒளிந்திருந்தது. வான நீலம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் அதற்கு சீசியம் என்று பெயர் வைத்தார்கள்.

அணு தனக்குரிய நிறத்தை வீசுவது மட்டுமில்லை, அதே நிறம் எதிரே வந்தால் விழுங்கவும் செய்யும். 1950-களில் ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் இதை வைத்து ஒரு கருவி உருவாக்கினார். ஈயத்தைத் தேட ஈயத்தால் செய்த விளக்கு. குரோமியத்தைத் தேட குரோமிய விளக்கு. தண்ணீரை நெருப்பில் தூவி, அந்த விளக்கின் ஒளி எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை ஊர்களில் தோல் பதனிட்ட கழிவு மண்ணில் இறங்கிக் கிணறுகள் கெட்டன. தோல் பதனிடும் குரோமியம் நீரில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்க இத்தகைய கருவிதான் வேண்டும். குடிநீரில் அது லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இன்னும் நுட்பமான கருவியும் உண்டு. ஆர்கான் வாயுவைச் சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடாக்கி, அதில் நீரைத் தூவி, உதிரும் அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணிவிடும். ஆர்சனிக்குக்கு அனுமதித்த அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதில் நூறில் ஒரு பங்கையும் அந்தக் கருவி கண்டுபிடிக்கும்.

கிருமிகளிடம் நிறமும் நெருப்பும் செல்லாது. அவற்றை வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். 100 மில்லி நீரை, 0.45 மைக்ரான் துளைகள் உள்ள தாளில் வடிகட்டினால் பாக்டீரியா மேலேயே தங்கிவிடும். அந்தத் தாளை உணவுக்கூழின் மேல் வைத்து, இதமான சூட்டில் ஒரு நாள் வைத்திருந்தால், ஒவ்வொரு கிருமியும் பெருகி ஒரு புள்ளியாகத் தெரியும். புள்ளிகளை எண்ணலாம். குடிநீரில் ஈ.கோலை என்ற கிருமிக்கு அனுமதி சுழியம். 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆய்வகமே இல்லாத ஊருக்கு 1982-ல் குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தின் விஞ்ஞானிகள் ஓர் எளிய வழி சொன்னார்கள். ஒரு சின்ன பாட்டிலுக்குள் மருந்து தோய்த்த தாள்; தண்ணீரை ஊற்றி வைத்துவிட வேண்டியதுதான். மலத்தோடு வரும் கிருமிகளில் பல ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை வெளியிடும். அது மருந்தில் உள்ள இரும்போடு சேர்ந்து கறுக்கும். பாட்டில் கறுத்துவிட்டால் அந்த நீரை அப்படியே குடிக்கக் கூடாது, கொதிக்கவைக்க வேண்டும். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃபுளூரைடு போகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிஞ்சிய நீரில் அதன் அளவு கூடத்தான் செய்யும்.

நல்ல ஆய்வகம் தன்னையே நம்பாது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஊர்த் தண்ணீர் பாட்டில்களுக்கு நடுவே, வெறும் காய்ச்சி வடித்த நீர் உள்ள பாட்டில் ஒன்றையும் சேர்த்துச் சோதிப்பார்கள். அதில் ஃபுளூரைடு இருப்பதாக வந்தால் ஆய்வகத்தில்தான் அழுக்கு. ஒரே தண்ணீரை இரண்டு பாட்டிலில் வேறு வேறு எண் போட்டு வைப்பார்கள். இரண்டு விடையும் ஒத்துப்போக வேண்டும். அளவு தெரிந்த கரைசலையும் ஊடே வைத்து, கருவி சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பார்கள். ஓர் ஊரே குடிக்கிற தண்ணீர் நல்லதா கெட்டதா என்று கையெழுத்துப் போடும் வேலை அது. இந்தக் கவனம் இல்லாமல் போடக் கூடாது.

இப்போது கிராமங்களிலேயே களச் சோதனைப் பெட்டி இருக்கிறது. மருந்தைச் சொட்டு விட்டு, வரும் நிறத்தை அட்டையில் உள்ள நிறங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு இந்தப் பயிற்சி தருகிறார்கள். பெட்டி சந்தேகத்தைச் சொல்லும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் அளவைச் சொல்லும். உங்கள் ஊரில் அந்தப் பெட்டி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் சோதிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரியில் இப்படிச் சேர்ந்த எண்கள்தாம், நிலத்தடி நீரை விட்டுவிட்டுக் காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குக் காரணமாக நின்றன. 2013-ல் அது தொடங்கிவைக்கப்பட்டது.

மெக்கே கதையில் ஒரு பகுதியை மீதம் வைத்திருக்கிறேன். ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி என்று ஒரு சிற்றூர். தூரத்து வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்த பிறகுதான் எங்கள் பிள்ளைகளின் பல்லில் கறை வந்தது என்று அங்குள்ள தாய்மார்கள் சொன்னார்கள். 1923-ல் மெக்கே போய்ப் பார்த்தார். தண்ணீரைச் சோதித்ததில் வழக்கம்போல ஒன்றும் தெரியவில்லை. ஃபுளூரைடு என்ற பெயரே அப்போது யார் மனத்திலும் இல்லை. ஆனாலும் அவர் அந்தத் தாய்மார்களின் சொல்லை நம்பினார். அந்தக் குழாயை விட்டுவிடுங்கள், வேறு ஊற்றிலிருந்து எடுங்கள் என்றார். 1925-ல் ஊர் தண்ணீரை மாற்றியது. பல வருடம் கழித்து, 1933-ல், அவர் அதன் முடிவை எழுதினார். புதுத் தண்ணீர் குடித்து வளர்ந்த சின்னப் பிள்ளைகளுக்குப் பால்பல் விழுந்து புதுப் பல் முளைத்திருந்தது. அந்தப் பற்களில் கறை இல்லை.